ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு நிலக்கரி வெட்டலாம்?

சென்ற இதழில் நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத மண்வெட்டி எந்திரங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "இந்த வேலையைக் கையால் செய்ய ஒரு மாவட்டமே திரண்டாலும் போதாது" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சுரங்கத் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஒரு டன் நிலக்கரி வெட்டினார் என்று ஓரிடத்தில் படித்தேன். பத்து டன் என்கிறது இன்னோரிடம். சோவியத் நாட்டில் ஒருவர் நூறு டன்னுக்கு மேல் வெட்டினார் என்கிறார் எங்கள் தொழிற்சங்கப் பெரியவர். எது உண்மை?
— கடலூர் முதுநகர் வாசகர்

மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையின் அளவு அல்ல.

ஒரு டன் கணக்கை முதலில் பார்ப்போம். பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1913. அந்த ஆண்டில் சுமார் 28.7 கோடி டன் வெட்டி எடுக்கப்பட்டது. சுரங்கத் தொழிலில் இருந்தவர்கள் 11 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 260 டன், அதாவது வேலை நாளொன்றுக்கு ஒரு டன் சொச்சம். அந்த நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கைப் பிக்காசால் வெட்டப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு டன், பிக்காசு பிடித்தவர் மட்டும் வெட்டிய கணக்கு அல்ல. கூரைக்கு மரத்தால் முட்டுக் கொடுப்பவர், தொட்டி வண்டியைத் தள்ளுபவர், குதிரையை ஓட்டும் பையன், தண்ணீர் இறைக்கும் எந்திரத்தைப் பார்ப்பவர், மேலே கல்லைப் பொறுக்கிப் பிரிப்பவர் என அத்தனை பேரையும் வகுத்தியில் சேர்த்த பின் கிடைக்கும் எண் அது. என் கருத்தில், கைத்தொழிலாக நடந்த சுரங்க வேலையின் நேர்மையான அளவுகோல் இதுதான்.

பத்து டன் என்பது அள்ளுபவரின் கணக்கு. நிலக்கரியை ஏற்கெனவே வேறொருவரோ வெடிமருந்தோ உடைத்துக் கொட்டியிருக்க, காலி வண்டி பக்கத்திலேயே நிற்க, அள்ளி ஏற்றுவது மட்டுமே அவர் வேலை. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர் மண்வாரி வேலையை ஆராய்ந்து, ஒரு வீச்சுக்குச் சுமார் ஒன்பதரைக் கிலோ இருந்தால் ஓர் ஆள் நாள் முழுவதும் அதிகபட்சமாக அள்ளலாம் என்று கண்டார். நிமிடத்துக்குப் பத்து வீச்சு, எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் உழைப்பு, பாதி நேரம் மூச்சு வாங்கல் என்று வைத்தால் இருபது டன்னுக்கு மேல் வருகிறது. இது காகிதக் கணக்கின் உச்சவரம்பு. முழு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்க இடமிருக்கும் தடிமனான நிலக்கரி அடுக்கில் இதில் பாதி கைகூடும். முக்கால் மீட்டர் உயர அடுக்கில் முழந்தாளிட்டோ ஒருக்களித்துப் படுத்தோ அள்ளுபவருக்கு அதுவும் எட்டாது.

நூறு டன் கதையின் நாயகர் அலெக்சி ஸ்டகானவ். 1935 ஆகஸ்ட் 30 இரவு தொடங்கிய ஷிப்ட்டில், டான்பாஸ் பகுதியின் இர்மினோ சுரங்கத்தில், ஐந்தே முக்கால் மணி நேரத்தில் 102 டன் வெட்டினார் என்பது பதிவு. அன்றைய விதிப்படி ஒருவர் வெட்ட வேண்டியது சுமார் 7 டன். அவர் கையில் இருந்தது காற்றழுத்தத்தால் இயங்கும் துளைப்பான், வெறும் பிக்காசு அல்ல. அதைவிட முக்கியமானது, அவர் பின்னால் இரண்டு பேர் முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். வழக்கமாக வெட்டுபவரே அவ்வப்போது துளைப்பானைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்கு முட்டுமரம் நிறுத்த வேண்டும். அன்று அவர் ஒரு நிமிடமும் நிறுத்தவில்லை. அடுக்கும் செங்குத்தாகச் சாய்ந்திருந்ததால் வெட்டியது தானே சரிந்து கீழே போயிற்று, அள்ளும் வேலையே இல்லை. மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 34 டன். காற்றழுத்தம் தந்தவர்களையும் கீழே வண்டி நிரப்பியவர்களையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். அவர் வலிமையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணை உயர்த்தியது அவர் தோள் வலிமையைக் காட்டிலும், மற்ற வேலைகளை அவரிடமிருந்து பிரித்தெடுத்த ஏற்பாடுதான். தொழிற்சங்கப் பெரியவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தாத்தா தொடக்க காலத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 'எந்திரம் வராவிட்டாலும் நாங்களே தோண்டியிருப்போம்' என்பார். உண்மையில் முடிந்திருக்குமா?
— மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு மாணவி

தாத்தாவின் தலைமுறைக்கு அந்தத் துணிச்சல் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட கரிய பொருள்தான் நெய்வேலியின் தொடக்கம். ஆகவே இந்தப் பழுப்பு நிலக்கரியை முதலில் தொட்டது கடப்பாரையும் மண்வெட்டியும்தான். ஆனால் கிணறு வேறு, சுரங்கம் வேறு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் எட்டு மணி நேரம் சோராமல் தரக்கூடிய பயன் தரும் ஆற்றல் சுமார் 75 வாட். நாள் முழுவதற்கும் 0.6 யூனிட். மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான். ஒரு மின்விசிறியை எட்டு மணி நேரம் ஓட்டும் அளவு.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க அதன் மேலுள்ள மண்ணையும் கடலூர் மணற்பாறையையும் சுமார் ஐந்தரை கன மீட்டர் அகற்ற வேண்டும். எடையில் ஏறத்தாழ 11 டன். நிலக்கரி 80 மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று வைத்தால், மேல்மண்ணைச் சராசரியாக 40 மீட்டர் உயர்த்த வேண்டும். அதற்கான ஆற்றல் 1.2 யூனிட், அதாவது இரண்டு பேரின் ஒரு நாள் உழைப்பு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் மண் தானாக ஏறுவதில்லை. ஓர் ஆள் தலையில் ஏறுகிறது. சும்மாட்டின் மேல் இருபது கிலோ சட்டியை வைத்து ஏறும் சித்தாள், தம் ஐம்பது கிலோ உடலையும் சேர்த்தே உயர்த்துகிறார். இரண்டு ஆள்நாள் என்பது அங்கேயே ஏழு ஆகிவிடுகிறது. நடையைக் கணக்கிட்டால் இன்னும் மோசம். 11 டன் என்பது 550 சட்டி. பத்துக்கு ஒன்று ஏற்றமுள்ள சரிவுப் பாதையில் சராசரியாக 400 மீட்டர் ஏறி, வெறும் சட்டியுடன் 400 மீட்டர் இறங்க வேண்டும். மொத்த நடை 440 கிலோமீட்டர்! கடலூரிலிருந்து மதுரை போய்ப் பாதி வழி திரும்பி வரும் தொலைவு. அத்தனையும் ஒரே ஒரு டன்னுக்காக. நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் நடந்தால் பதினைந்து நாள். அந்தப் பாறையைக் கடப்பாரையால் பெயர்க்க ஐந்தாறு ஆள்நாள் வேண்டும். ஆக, நிலக்கரியைத் தொடுவதற்கு முன்பே இருபது ஆள்நாள் கரைந்துவிடுகிறது.

ஆண்டுக்கு ஒரு கோடி டன் வேண்டும் என்றால் 20 கோடி ஆள்நாள். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் ஆறரை லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகையே குழந்தை குட்டி உட்பட சுமார் 26 லட்சம். அவர்களில் நான்கில் ஒருவர் தினமும் மண் சுமக்க வேண்டியிருந்திருக்கும். ராட்டினமும் காளையும் பூட்டினால் பாரம் குறையும். காளைக்குத் தீவனம் விளைக்க நிலம் வேண்டியிருக்கும்.

இங்கே சுவையான ஒன்று உண்டு. ஒரு டன் நெய்வேலி நிலக்கரியை எரித்தால் அனல்மின் நிலையத்தில் சுமார் 900 யூனிட் மின்சாரம் கிடைக்கும். இருபது ஆள்நாளில் போட்டது 12 யூனிட் உழைப்பு. எழுபது மடங்குக்கு மேல் திரும்பி வருகிறது! ஆகவே கையால் வெட்டுவது ஆற்றல் கணக்கில் நட்டமே இல்லை. உலகெங்கும் இருநூறு ஆண்டுகள் மனிதக் கையால் நிலக்கரி வெட்டப்பட்டதற்கு இந்த லாபமே காரணம். இடித்தது ஆட்களின் எண்ணிக்கையும் கூலியும்தான்.

1957 மே மாதம் நேரு தொடங்கி வைத்த முதல் சுரங்கத்தில் நிலக்கரி தென்பட்டது 1961 ஆகஸ்டில். ஜெர்மன் எந்திரங்கள் இருந்தும், மேல்மண்ணை விலக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. இன்று அங்கே சுழலும் பெரிய சக்கரத்தின் ஒரு வாளி 1400 லிட்டர் கொள்ளும். சித்தாளின் சட்டிக் கணக்கில் நூறு சட்டிக்கு மேல். அந்த வாளி நிரம்பச் சில நொடிகளே ஆகின்றன. தாத்தாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். கணக்கைக் காட்ட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நல்ல சாப்பாடும் உடற்பயிற்சியும் இருந்தால் இந்த 75 வாட்டை இரட்டிப்பாக்க முடியாதா? நான் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி தருபவன் என்பதால் கேட்கிறேன்.
— விருத்தாசலம் வாசகர்

ஒரு மணி நேரத்துக்கு முடியும். தேர்ந்த மிதிவண்டி வீரர்கள் அதைப்போல நான்கைந்து மடங்கு தருகிறார்கள். நாள்தோறும் எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் என்றால் முடியாது. உழைப்பு உடலியல் ஆய்வாளர்கள் நிமிடத்துக்கு 5 கிலோ கலோரி செலவை ஒரு முழு ஷிப்ட்டுக்கான சராசரி வரம்பாகக் கொள்கிறார்கள். மண்வாரியால் அள்ளும் வேலை நிமிடத்துக்கு எட்டு கிலோ கலோரியாவது கேட்கும். எனவே அள்ளுபவர் வேலை நேரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஓய்வெடுத்தே ஆக வேண்டும். மேற்பார்வையாளருக்கு அது சோம்பலாகத் தெரியும். உண்மையில் அது கடன் அடைப்பு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கடும் உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 4000 கிலோ கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவரைவிட அரைக் கிலோ அரிசிக்கு மேல் கூடுதல் என்று வையுங்கள். அது கிடைக்காத இடத்தில் உற்பத்தி சரிவதற்கு முதல் காரணம் அதுவே. ஆனால் வயிறு நிறைந்த பிறகு வரம்பை நிர்ணயிப்பது வெப்பம். தசை எரிக்கும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகவே வேலையாகிறது. மண்வாரி போன்ற குனிந்து நிமிரும் வேலையில் அதுவும் சில விழுக்காடுதான், மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற மணிக்கு அரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டினால் பயனில்லை, ஆவியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கடலூர்த் துறைமுகப் பக்கத்து ஈரக்காற்றில் மூட்டை தூக்குபவர்கள், நெய்வேலிப் பக்கத்து வறண்ட வெயிலில் உழைப்பவர்களைவிட விரைவில் களைப்பது இதனால்தான்.

ஆழமான சுரங்கத்தில் பூமியின் சூடும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதிகள், ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 33.5 பாகை செல்சியஸைத் தாண்டிய இடத்தில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. 30.5 பாகையைத் தாண்டினாலே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலாவது காற்று வீச வேண்டும். எத்தனை புஜபல பராக்கிரமசாலியானாலும் இந்த எண்களுக்கு அடங்கியவர்தான்.

கேள்வி: சுரங்கத்தில் பெண்களும் வேலை செய்தார்களா? அவர்கள் உழைப்பும் இந்த ஒரு டன் கணக்கில் சேருமா?
— பண்ருட்டி வாசகி

செய்தார்கள். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச், ஜார்க்கண்டின் ஜாரியா சுரங்கங்களில் நெடுங்காலம் குடும்பமே ஓர் அலகாக இறங்கியது. கணவர் பிக்காசால் வெட்டும் 'மால்கட்டா'. மனைவி கூடையில் சுமந்து தொட்டி வண்டியை நிரப்புவார். கூலி தொட்டிக் கணக்கில். பல இடங்களில் அது ஆணின் பெயரில் எழுதப்பட்டதால், 'ஒரு வெட்டுபவர் இத்தனை தொட்டி நிரப்பினார்' என்ற பழைய பதிவுகளைப் படிக்கும்போது, அதில் இரண்டு உடல்களின் உழைப்பு ஒளிந்திருக்கிறது என்று கொள்வதே சரி. படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1937-இல் நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வது தடை செய்யப்பட்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் 1943-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டு 1946-இல் மீண்டும் வந்தது. தடை பெண்களின் உடல்நலத்துக்காக என்றே சொல்லப்பட்டது. ஆனால் அவர்கள் இழந்த கூலிக்கு மாற்று ஏற்பாடு எதுவும் அதோடு வரவில்லை. பிரிட்டனில் இதே தடை 1842-லேயே வந்துவிட்டது. பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் அந்தச் சட்டமே வெளியேற்றியது. தாழ்ந்த சுரங்கப் பாதையில் வண்டி இழுக்கச் சிறிய உடல் வசதி என்பதற்காகத்தான் அதுவரை அவர்களை இறக்கினார்கள்.

கேள்வி: உத்தராகண்ட் சுரங்கப்பாதை விபத்தில் எந்திரம் தோற்ற இடத்தில் 'எலிவளை'த் தொழிலாளர்கள் கையால் தோண்டி வென்றார்களே? அப்படியானால் கைவேலைக்கு வரம்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
— வில்லியனூர் வாசகர்

சில்க்யாராவில் 2023 நவம்பர் 12 அன்று சிக்கிய 41 பேரும் 28-ஆம் தேதி வெளியே வந்தது அந்தப் பன்னிரண்டு தொழிலாளர்களால்தான். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அவர்கள் செய்த வேலையின் அளவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். துளைப்பான் எந்திரம் உடைந்து நின்றபின் மிஞ்சியது ஏறத்தாழ 12 மீட்டர். குழாயின் விட்டம் 800 மில்லிமீட்டர். அதற்குள் ஒருவர் முன்னால் குந்தி வெட்ட, இன்னொருவர் அள்ள, மற்றவர்கள் சிறு தள்ளுவண்டியைக் கயிற்றால் வெளியே இழுத்தார்கள். அந்த உருளையின் கொள்ளளவு ஆறு கன மீட்டர். இடிபாட்டின் எடை சுமார் 12 டன். பன்னிரண்டு பேர், ஏறத்தாழ ஒரு நாள். ஆளுக்கு ஒரு டன்! 1913-இல் பிரிட்டனில் கிடைத்த அதே எண். உயிர்காக்கும் வேகத்தில், நாட்டின் தேர்ந்த கைகள் செய்தபோதும் அதுவே வந்தது. இரும்புக் கம்பிகள் பின்னிக் கிடந்த இடத்தில் கண்ணும் கையும் எந்திரத்தை வென்றன; டன் கணக்கில் அல்ல.

மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் இவர்களைப் போன்றவர்கள் எலிவளை போன்ற குறுகிய குழிகளில் தவழ்ந்து நிலக்கரி வெட்டும் விதத்தையும் எண்ணிப் பாருங்கள். பத்து மீட்டர் வளையில் வெட்டுபவர் வண்டி இழுக்கச் செலவிடும் நேரம் சிறிது. வளை நூறு மீட்டர் ஆகும்போது நாளின் பெரும்பகுதி தவழ்ந்து இழுப்பதிலேயே போகிறது. முட்டுக் கொடுக்கவும் காற்றோட்டம் அமைக்கவும் நேரமும் காசும் செலவிடுவதில்லை; அதனால்தான் அந்த நிலக்கரி மலிவாகத் தெரிகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் அதைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் வளைக்குள் வெள்ளம் புகுந்து பதினைந்து பேராவது மாண்டார்கள்.

கேள்வி: எங்கள் பாகூர்ப் பகுதியிலும் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்கிறார்கள். பெரிய சுரங்கம் வேண்டாம், சிறு அளவில் ஊர் மக்களே வெட்டிக்கொள்ள முடியுமா?
— பாகூர் விவசாயி

இருப்பது உண்மை. நாட்டின் பழுப்பு நிலக்கரிக் கணக்கேட்டில் புதுச்சேரியின் பேரில் சுமார் 41 கோடி டன் பதிவாகியிருக்கிறது. சிறு அளவில் வெட்டுவது முடியாது, காரணம் உங்களுக்கே தெரிந்ததுதான்: தண்ணீர். ஏரிப் பாசனமும் ஆழ்குழாய்க் கிணறும் உள்ள பூமியில் குழி ஆழமாக ஆக ஊற்று பெருகும். ஒரு டன் தண்ணீரை நூறு மீட்டர் உயர்த்த 0.27 யூனிட் வேண்டும். சொட்டுக்கூட வீணாகாத ஏற்றம் இருந்தாலும் ஓர் ஆள் நாள் முழுவதும் இறைத்து இரண்டு டன்தான் வெளியேற்றுவார். நெய்வேலியிலோ நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருப்பதால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கிறது. உலகில் முதன்முதலில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த நீராவி எந்திரம், 1712-இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நியூகமன் நிறுவியது, தண்ணீர் இறைக்கத்தான் வந்தது. அடுத்துப் பாரம் தூக்க எந்திரம் வந்தது. நிலக்கரியை வெட்டும் எந்திரம் பரவ அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அள்ளும் எந்திரம் 1920-களில்தான் வந்தது. அதுவரை வெட்டவும் அள்ளவும் கைகளே போதுமானவையாக இருந்தன. இறைப்பதற்கு மட்டும் அவை தொடக்கத்திலிருந்தே போதவில்லை.